கதிர் தரும் வலிமை
(திருவொற்றியூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபொழுது நம் சங்கக் காரியதரிசி அவர்கள் என் கையைப் பற்றி, "ஐயா, தாங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தொழிலில் உழைத்தவர்கள். கும்பாபிஷேகத் திருப்பணி பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பது பற்றியும் இம்மேடையில் பலர் பேசிவிட்டனர். நம் பிள்ளைகள் செய்யும் தொழிலைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. தாங்கள் பேசுதல் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். யான் மேடைப் பேச்சிற் பழகியவன் அல்லேன். மில் உருளைகளின் ஓசைக்கு நடுவே உரத்துக் கூவிப் பழகிய குரல் இது. குற்றம் காணின் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு தொடங்குகின்றேன்.

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பண்டங்களின்மீது கதிரைச் செலுத்தினால் அவற்றின் வலிமை எவ்வாறு மாறுகின்றது என்பதாகும். "இஃது ஆராய்ச்சிசாலைக்கு உரிய பேச்சன்றோ? குடும்பஸ்தர் கூடிய சபைக்கு எற்றுக்கு?" என்று சிலர் நினைத்தல் கூடும். நினைப்பது இயல்பே. ஆயின், இப்பொருளை அரைகுறையாக அறிந்திருந்த என் குற்றத்தால் ஒரு நண்பர் ஒரு கண்ணை இழந்தார். அவ்வரலாற்றை இவ்வுரையின் பிற்பகுதியில் கூறுவேன். அது விளங்கவேண்டுமாயின் முதற்கண் பொருள் விளங்குதல் வேண்டும். ஆதலின் சிறிது பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகின்றேன்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள இக்கடற்கரைப் பகுதி உழைப்பாளர் பூமி. 1856ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. பின்னர்த் துறைமுகமும், ஆலைகளும், எண்ணெய்ச் சுத்திகரிப்புச் சாலையும், மின் நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1946ஆம் ஆண்டில் இத்திருவொற்றியூரிலே கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயரைப் புதுப்பிக்க உதவும் டிரெட் ரப்பர் செய்யப்பட்டது. 1961இல் டயரே இவ்வூரில் உருப்பெற்றது. பலூனிலிருந்து லாரி டயர் வரை பதினைந்தே ஆண்டுகள்! நம் குடும்பங்களில் ரப்பரால் உண்டவர் பலர். கேபிளாலும் பிளாஸ்டிக்காலும் உண்பவர் அவரினும் பலர். உண்ணும் சோற்றின் வரலாற்றை அறிந்துகொள்வது நம் கடமையன்றோ?

இனி விஷயத்திற்கு வருவோம். ரப்பர் மரத்தின் பாலை உறைய வைத்தால் கிடைக்கும் பச்சை ரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், இழுத்தால் நீண்டு, விட்டால் முழுதும் பழைய நிலைக்குத் திரும்பாது. காரணம் யாது? ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் குவியல். காசிமேட்டில் வலை பின்னுவோர் வீட்டுத் திண்ணையில் நூற்சிட்டம் அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்குவியலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அது நழுவிக்கொண்டே வரும். பச்சை ரப்பரின் நிலையும் அதுவே. அந்நூலையே முடிச்சிட்டு வலையாக்கிவிட்டால், ஓரிடத்தில் இழுத்த பளுவை வலை முழுதும் பங்கிட்டுத் தாங்குகின்றது. கையை எடுத்தால் பழைய உருவுக்கு மீள்கின்றது.

ரப்பருக்கு இம்முடிச்சை இடும் வழியை 1839இல் அமெரிக்க நாட்டுச் சார்லஸ் குட்இயர் என்பார் கண்டார். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால், கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலம் போல் அமைகின்றன. இன்றும் உலகத்து டயர்களுள் மிகப் பெரும்பாலானவை இம்முறையிலேயே பதப்படுத்தப்படுகின்றன. நம்மவர் "கியூரிங்" என்று நாள்தோறும் கூறுவது இம்முடிச்சிடும் வேலையையே.

பிளாஸ்டிக்குகளும் இத்தகைய நெடுஞ்சங்கிலிகளே. 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன் அவற்றுள் ஒன்று, பி.வி.சி., பாலிபுரொப்பிலீன் முதலியவை வேறு சில. இவை சூட்டில் உருகும், ஆறினால் இறுகும். மீண்டும் உருக்கி வேறு வடிவம் கொள்ளச் செய்யலாம். அஃது அவற்றின் சிறப்பு. சூடு மிகுந்த இடத்தில் தாமே உருகி ஒழுகிவிடும். அஃது அவற்றின் குறை.

ரப்பரின் நெகிழ்ச்சியும் பிளாஸ்டிக்கின் எளிய வார்ப்பும் ஒரே பொருளில் அமைந்தால் எத்துணை நன்மை! இவ்வெண்ணத்தால் பிறந்தவையே கலவைகள். செருப்பின் அடிப்பாகம், மோட்டார் வண்டியின் முன்காப்பு, கதவு இடுக்கின் பட்டை, குழாய் இணைப்பின் வளையம், கேபிளின் மேலுறை ஆகிய பலவும் இன்று கலவைகளால் ஆகின்றன. ஆனால், இரண்டையும் மில்லில் இட்டு அரைத்த மாத்திரத்தில் அவை ஒன்றாகிவிடும் என்று எண்ணுதல் பிழை. பெரும்பாலான ரப்பரும் பிளாஸ்டிக்கும் நெய்யும் நீரும் போன்றவை. கடலில் தீவுகள் கிடப்பதுபோல் ஒன்றினுள் மற்றொன்று சிறு சிறு துளிகளாக நிற்கும். இழுத்தால் அவ்விரண்டும் சந்திக்கும் எல்லையிலேதான் முதலில் பிளவு காணும். கலவையின் வலிமை ரப்பரில் மட்டும் இல்லை. பிளாஸ்டிக்கில் மட்டும் இல்லை. இரண்டின் எல்லையில் உள்ளது. இவ்வொரு வாக்கியத்தை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

கந்தகம் இவ்விடத்தில் முழு உதவி செய்வதில்லை. அதற்குச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு என்னும் பிடி வேண்டும். இயற்கை ரப்பரில் அப்பிடி உண்டு, பாலித்தீனில் இல்லை. ஆகவே கந்தகம் ரப்பர்த் தீவை முடிச்சிடும். சுற்றியுள்ள பாலித்தீன் கடலைத் தீண்டாது. கதிரின் பெருமை இங்கேதான் புலப்படுகின்றது. கதிருக்குப் பிடி வேண்டியதில்லை, அச்சு வேண்டியதில்லை, அடுப்பும் வேண்டியதில்லை.

கதிர் என்று யான் கூறுவன இருவகை. ஒன்று, கோபால்ட்-60 என்னும் உலோகம் இயல்பாகவே வெளியிடும் காமாக் கதிர். மற்றொன்று, மின்சக்தியால் வேகமூட்டிப் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றை. காமாக் கதிர் பல அங்குலம் ஊடுருவிச் செல்லும். ஆனால் வேலை முடியப் பல மணி நேரம் ஆகும். எலக்ட்ரான் கற்றையோ சில விநாடிகளில் வேலையை முடிக்கும். ஆனால் அதன் ஆழம் குறைவு. பத்து லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான், நீர் போன்ற அடர்த்தியுள்ள பொருளில் நான்கு மில்லிமீட்டர் வரையே செல்லும். எனவே மெல்லிய உறைக்கும் ஓடும் கேபிளுக்கும் எலக்ட்ரான் ஏற்றது. மூட்டை மூட்டையாய்ச் செல்லும் பண்டத்துக்குக் காமா ஏற்றது.

கதிர் உள்ளே புகுந்து செய்வது யாது? சங்கிலியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் அணுவைத் தட்டி எறிகின்றது. அவ்விடத்தில் சங்கிலிக்கு ஒரு கை வெறுமையாகின்றது. வெறுமையான கை சும்மா இராது, பற்றுக்கோடு தேடும். அண்டையிலுள்ள சங்கிலியும் அவ்வாறே கை வெறுமையாகி நின்றால் இரண்டும் கோத்துக்கொள்ளும். இதுவே குறுக்குப் பிணைப்பு. நம் வலையின் முடிச்சு. ரப்பருக்குள்ளும், பாலித்தீனுக்குள்ளும், இரண்டும் சந்திக்கும் எல்லையிலும் இம்முடிச்சு விழக்கூடும். 1952ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி என்பார் அணு உலையின் கதிரில் பாலித்தீனை வைத்து, அஃது உருகி ஓடும் இயல்பை இழப்பதைக் காட்டினார். அதன்பின் இத்துறை விரைந்து வளர்ந்தது.

ஆனால், அன்பர்களே, கதிர் முடிச்சிடுவதோடு நிற்பதில்லை; நூலையே அறுப்பதும் உண்டு. எந்தப் பொருளில் எது மிகும் என்பது அப்பொருளின் பிறவிக் குணத்தைப் பொறுத்தது. இயற்கை ரப்பர், பாலித்தீன், ஈ.பி.டி.எம்., நைட்ரைல் ரப்பர் முதலியவற்றில் முடிச்சே மிகும். சைக்கிள், மோட்டார் டியூப்களுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பரிலும், டெஃப்லானிலும் அறுப்பே மிகும். பாலிபுரொப்பிலீனில் இரண்டும் சேர்ந்து நடைபெறும். எனவே, "கதிரிட்டால் பலம் கூடும்" என்று பொதுவாகக் கூறுவது, "மருந்து உண்டால் நோய் தீரும்" என்று கூறுவது போலாம். எந்த மருந்து, எந்த நோய், எத்துணை அளவு என்பவை முன்னே தெரிதல் வேண்டும்.

அளவைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் சக்தியை ஏற்பது ஒரு கிரே எனப்படும். ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. மருத்துவ ஊசிகளையும் நூல்களையும் கிருமி நீக்க வழக்கமாக இடும் அளவு 25 கிலோகிரே. பம்பாய் டிராம்பேயில் இதற்கென்றே 1974இல் ஐசோமெட் என்னும் நிலையம் தொடங்கப்பட்டது. கேபிள் உறைகளுக்கு ஏறத்தாழ 100 முதல் 200 கிலோகிரே வரை இடுவர். 100 கிலோகிரே என்றால் பெரிய நெருப்பென்று எண்ணவேண்டா. அச்சக்தி முழுதும் நீரில் சூடாக மாறினால் நீர் 24 டிகிரி அளவே வெம்மையுறும். இவ்வளவு சிறிய சூட்டில் இவ்வளவு பெரிய மாறுதலைச் செய்வதே கதிரின் விந்தை.

அளவு ஏற ஏற வலிமை எங்ஙனம் மாறுகின்றது? இதுவே இன்றைய பேச்சின் நடுநாடி. முதலில் முடிச்சுகள் விழுகின்றன. இழுவைத் தாங்கும் வலிமை ஏறுகின்றது. ஓர் அளவில் உச்சியை அடைகின்றது. அதற்கு மேலும் கதிரிட்டால் முடிச்சுகள் நெருங்கி, சங்கிலிகள் அசைய இடமின்றிப் போகின்றன, அறுப்பும் பெருகுகின்றது. வலிமை இறங்கத் தொடங்குகின்றது. நீளும் இயல்போ, பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே குறைந்துகொண்டு வரும். கடினம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இம்மூன்றும் மூன்று வழியிற் செல்வதை மறத்தலாகாது. வலைக்கு அளவான முடிச்சு மீனைத் தாங்கும். நூல் முழுதும் முடிச்சாகவே இட்டுவிட்டால் அது வலையன்று, பாய். மடக்கினால் முறியும்.

உச்சியைக் குறைந்த அளவிலேயே எட்டுவதற்கு ஒரு வழி உண்டு. பல கைகள் உடைய சிறு மூலக்கூறுகளைக் கலவையில் சிறிது சேர்த்தால், அவை இரு சங்கிலிகளுக்கும் இடையே தரகர் போல் நின்று முடிச்சை விரைவாக்கும். இவற்றைத் துணைக் காரணிகள் என்னலாம். ரப்பர்ப் பாலில் இது நன்கு விளங்குகின்றது. துணையின்றி இயற்கை ரப்பர்ப் பாலைக் கதிரால் பதப்படுத்த 200 கிலோகிரேக்கு மேல் வேண்டும். பியூட்டைல் அக்ரிலேட் என்னும் துணையைச் சேர்த்தால் ஏறத்தாழ 15 கிலோகிரே போதும். இம்முறையில் பாலைப் பதப்படுத்தும் முன்னோடி நிலையம் ஒன்று, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் 1990களில் கோட்டயத்து இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் அமைந்தது. அப்பாலில் செய்த கையுறையிலும் பலூனிலும் கந்தகமும் அதன் ஊக்கிகளும் இல்லை. ஆகவே அவ்வூக்கிகளிலிருந்து பிறக்கும் நைட்ரோசமீன் என்னும் தீயபொருளும் இல்லை. திருவொற்றியூரில் பலூனோடு பிறந்த தொழிலை நினைந்து இச்செய்தியை யான் மகிழ்ச்சியுடன் கூறுகின்றேன்.

கெடுக்கும் காரணி ஒன்றும் உண்டு. அது நம்மைச் சுற்றியுள்ள காற்றே. காற்றிலுள்ள பிராணவாயு, வெறுமையான கையை அடுத்த சங்கிலி பற்றுமுன் தான் பற்றிக்கொள்ளும். அதன் விளைவு முடிச்சன்று, அறுப்பு. பல மணி நேரம் காற்றில் கிடந்து காமாக் கதிர் பெறும் பண்டத்தின் மேற்பரப்பு, உள்ளிடத்தைவிட மிகுதியாகக் கெடுவது இதனாலேயே. இதைக் கண்ணாற் காண விரும்புவோர் காசிமேட்டுக் கரைக்குச் செல்லலாம். மணலில் நெடுநாள் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றைக் கையில் எடுத்தால் வெண்பொடியாய் உதிர்கின்றதன்றோ? சூரியனின் புற ஊதாக் கதிரும் பிராணவாயுவும் கூடிச் செய்த அறுப்பு அது. டயரிலே கார்பன் கரி சேர்ப்பது முதன்மையாக வலிமைக்கே எனினும், வெயிலின் இத்தாக்குதலைத் தடுக்கவும் அக்கரி உதவுகின்றது.

கலவைகளைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டிலும் அயல்நாட்டிலும் சிறப்பாக நடைபெற்றுள்ளது. காரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் ரப்பர்த் தொழில்நுட்ப நிலையத்தில் அனில் கே. பௌமிக் என்பாரும் அவர்தம் மாணாக்கரும், பாலித்தீனும் ஈ.வி.ஏ.யும் கலந்த கலவை முதலியவற்றின்மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அளவும் துணைக் காரணியும் வலிமையை மாற்றும் விதத்தை வரிசையாக ஆராய்ந்தனர். மலேசியா நாட்டில் அணுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சந்தர தேவி ரத்னம் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், 2000ஆம் ஆண்டையொட்டி, பி.வி.சி.யும் எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரும் கலந்த பொருளை எடுத்துக்கொண்டனர். இவ்விரண்டும் நெய்யும் நீரும் போலன்றிப் பாலும் நீரும் போல் நன்கு கலக்கும் அரிய இணை. எலக்ட்ரான் கற்றையால் இக்கலவையில் முடிச்சு விழுந்து வலிமை ஏறுவதையும், துணைக் காரணி அதற்கு உதவுவதையும், சேர்க்கும் பொருளும் அளவும் மாறினால் பயன் மாறுவதையும் அவர்கள் காட்டினர். ரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் வியர்வை சிந்திய நாட்டிலே, ஒரு பெண்மணி அந்த ரப்பரின் அணுவமைப்பை ஆராய்ந்தார் என்பதை நம் இளம்பெண்கள் கேட்டு ஊக்கம் கொள்ளல் வேண்டும்.

தொழிலிலே இதன் பயன் யாது? பி.வி.சி. உறையுள்ள சாதாரணக் கேபிள் 70 டிகிரி வரையே தொடர்ந்து வேலை செய்யும். முடிச்சிட்ட பாலித்தீன் உறையுள்ளது 90 டிகிரி வரை தாங்கும். அம்முடிச்சை இரசாயன முறையாலும் இடலாம், கதிராலும் இடலாம். இரயில் எஞ்சின்களுக்கும் வண்டிகளுக்கும் எலக்ட்ரான் கற்றையால் பதப்படுத்திய மெல்லுறைக் கேபிள்கள் பயன்படுகின்றன; இந்திய இரயில்வே ஆராய்ச்சி நிலையம் அவற்றுக்கென விதிமுறையும் வகுத்துளது. 1955 முதல் இரயில் பெட்டிகள் உருவாகும் பெரம்பூர் நமக்கு அண்மையிலேயே உள்ளது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைப்போர் பயன்படுத்தும் கேபிளும் பெரும்பாலும் இத்தகையதே. மின்வாரியத்தார் கேபிள் இணைப்பில் உறையிட்டுச் சூடு காட்டியவுடன் அவ்வுறை சுருங்கி இறுகப் பற்றுவதைத் தெருவிலே பார்த்திருப்பீர்கள். முடிச்சிட்ட பின் சூட்டில் விரித்துக் குளிரவைத்த குழல் அது. மீண்டும் சூடு பட்டதும், முடிச்சுகள் தம் பழைய உருவை நினைந்து திரும்புகின்றன. டயர்த் தொழிலிலும், உள்ளடுக்குகளை டயராகக் கட்டுமுன் சிறிதளவு கதிரிட்டு உறுதி ஏற்றும் முறை அயல்நாடுகளில் வழங்கி வருகின்றது.

நன்மையைக் கூறிய யான் தீமையையும் கூறுதல் முறை. முடிச்சிட்ட பிளாஸ்டிக்கை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. பழைய பாலித்தீன் பையை உருக்கிக் குடம் செய்யலாம்; கதிரிட்ட உறையை அங்ஙனம் செய்தல் அரிது. நம் பகுதியில் பழைய கேபிளைக் கொளுத்தித் தாமிரம் எடுக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. கதிரிட்டதாயினும் இடாததாயினும் அது பெருந்தீங்கு. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் என்னும் நஞ்சும் எழும். தாய்மார்கள் தம் பிள்ளைகளை அப்புகைக்கு அருகே விடாதிருத்தல் வேண்டும். தோலை உரித்துத் தாமிரம் எடுப்பதற்குக் கைக்கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன.

"கதிரிட்ட பொருளைத் தொட்டால் நமக்கும் கதிர் ஒட்டாதா?" என்று ஓர் அம்மையார் இங்கு வரும் வழியில் என்னைக் கேட்டார். நல்ல வினா. ஒட்டாது. விளக்கொளியில் வைத்த பாத்திரம் விளக்காகிவிடுவதில்லை. கோபால்ட்-60இன் கதிரும், தொழிலில் பயன்படும் எலக்ட்ரான் கற்றையும் பண்டத்தைக் கதிரியக்கம் உடையதாக்கும் ஆற்றல் அற்றவை. ஆனால் அக்கதிர் நேரே உடலிற் பட்டால் நேர்வது வேறு. ஐந்து கிரே அளவு உடல் முழுதும் ஒருங்கே பட்டால் உயிருக்கே ஆபத்து. கேபிளுக்கு இடும் 100 கிலோகிரே அதனினும் இருபதாயிரம் மடங்கு. ஆதலின் அந்நிலையங்களைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட கனமுள்ள சிமெண்டுச் சுவர்கள் எழுப்பப்படுகின்றன. வேலையில்லாத நேரத்தில் கோபால்ட்டை ஆழமான நீர்த்தொட்டியில் மூழ்க வைப்பது வழக்கம். 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி ஒருவரும் அத்தொழிலை நடத்தலாகாது. அவ்வேலைக்குச் செல்லும் இளைஞர், கதவின் பூட்டையும் எச்சரிக்கை மணியையும் ஒருபோதும் ஏமாற்றக் கருதலாகாது.

இனி, முன்னர்ச் சொல்வேன் என்ற வரலாறு.

பல ஆண்டுகளுக்கு முன் யான் ஒரு சிறு பட்டறையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். அதன் பெயர் வேண்டா, குற்றம் என்னுடையது. ரப்பரும் பாலித்தீனும் கலந்து, குழாய் இணைப்புக்கான வாஷர்கள் செய்து, வெளியூருக்கு அனுப்பிக் கதிரிட்டு வாங்குவோம். அந்த வாஷர்கள் இரசாயன ஆலைகளுக்குச் செல்லும். ஒருமுறை அவசர ஆர்டர் வந்தது. முன்பு அனுப்பியவை சற்று மென்மையாக இருந்தன என்று குறை கேட்டிருந்தேன். "கதிரின் அளவை இரட்டிப்பாக்கிவிடுவோம், இரட்டிப்புப் பலம் வரும்" என்று யானே முடிவு செய்தேன். பண்டம் திரும்பி வந்ததும் ஷோர் மானியை வைத்துக் கடினத்தைப் பார்த்தேன். முன்னையினும் உயர்ந்திருந்தது. மனம் பூரித்தது. டம்பெல் வடிவத் துண்டு வெட்டி இழுவையும் நீட்சியும் பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். "கடினமே இவ்வளவு நன்றாக இருக்கும்போது இழுவை எற்றுக்கு?" என்று கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். முதலாளி என் சுறுசுறுப்பைப் பாராட்டினார்.

அடுத்த மாதத்தில், காரநீர் ஓடும் குழாய் ஒன்றின் இணைப்பில் அவ்வாஷரை இட்டு, என் பால்ய நண்பர் ஒருவர் போல்ட்டை முடுக்கினார். நல்ல வாஷர் நெரிந்து கொடுத்திருக்கும். எங்கள் வாஷர் நெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பிளந்தது. வால்வு திறந்ததும் காரநீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. கண்ணாடிக் கவசம் அவர் சட்டைப் பையில் இருந்தது. இடக்கண் போயிற்று.

மிஞ்சிய வாஷர்களைப் பின்னர் இழுத்துப் பார்த்தபொழுது, வலிமை உச்சியைக் கடந்து இறங்கியிருந்தது. நீட்சி பழைய அளவிற் பாதிகூட இல்லை. கடினம் மட்டும் கம்பீரமாக நின்றது. கடினம் வேறு, வலிமை வேறு என்பதை யான் புத்தகத்தில் படிக்கவில்லை. நண்பர் முகத்தில் படித்தேன். மருத்துவமனையில் அவர் காலடியில் நின்று யான் உண்மையைக் கூறினேன். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, "டேய், நீ இரண்டு நாளை மிச்சம் பிடித்தாய், நான் ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தேன். இருவரும் கடனாளிகள்தாம்" என்றார். அவர் இன்றும் நம் சங்கக் கூட்டங்களுக்கு வருபவர். அவர் அனுமதி பெற்றே இதனை இங்குக் கூறுகின்றேன்.

ஆதலின் தொழிலில் உள்ள இளைஞர்களுக்கு நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். கதிரின் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் கடினம், இழுவை, நீட்சி மூன்றையும் சோதித்த பின்னரே பண்டத்தை வெளியே விடுங்கள். கலவையில் எந்த ரப்பர், எந்த பிளாஸ்டிக், என்ன பங்கு என்பதை எழுதி வையுங்கள். பாலித்தீனுக்கு ஏற்ற அளவு பாலிபுரொப்பிலீனுக்கு ஏலாது. கதிரிட்ட அன்று பார்த்ததோடு நில்லாது, சில வாரம் சூட்டில் வைத்து மீண்டும் பாருங்கள். உள்ளே எஞ்சிய வெறுங்கைகள் மெல்லத் தீங்கு செய்யும். நான்காவது, கண்ணாடிக் கவசத்தைச் சட்டைப் பையில் வையாமல் கண்ணில் அணியுங்கள்.

பெற்றோர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் படிப்பதற்கு நம் பிள்ளைகள் வெளிநாடு செல்லவேண்டுவதில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அத்துறை உண்டு. கிண்டியில் 1968இல் தொடங்கிய சிப்பெட் நிலையத்தில் டிப்ளமா வகுப்புகள் உண்டு. மில்லில் முப்பது ஆண்டு நின்ற என்னைப் போன்றோர்க்குக் கை தெரியும், காரணம் தெரியாது. காரணம் தெரிந்திருந்தால் அந்தக் கண் போயிராது. நம் கல்வி நிதியில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்கேனும், பெண்ணாயினும் ஆணாயினும், இப்படிப்புக்கு உதவி ஒதுக்குமாறு நிர்வாகிகளைப் பணிந்து கேட்டுக்கொள்கின்றேன். தொடக்கத் தொகையாக என் ஓய்வூதியத்தில் ஒரு மாதப் பணத்தை இன்று தலைவரவர்களிடம் ஒப்படைக்கின்றேன்.

முடிக்குமுன் ஒரு சொல். சங்கம் என்பதும் ஒரு பிணைப்பே. பிணைப்பே இல்லாத கூட்டம் பச்சை ரப்பர் போல நழுவிப்போகும். ஆதலின் நாம் சங்கம் வைத்துள்ளோம். ஆனால் முடிச்சு மிகுந்து அசைய இடமின்றி இறுகிய கூட்டம், பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றினும் முதல் முடுக்கிலேயே பிளக்கும். இத்திருவொற்றியூர் ஒரு கலவை. பல மரபினரும் பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே ஷிப்டில் தோளோடு தோள் நிற்கின்றோம். கலவையின் வலிமை எல்லையில் உள்ளது என்று முன்னர்க் கூறினேன். என் நண்பர் கீழே விழுந்த அன்று அவர் முகத்தில் இடைவிடாது நீரூற்றி மற்றைக் கண்ணைக் காத்தவர், நம் மரபினர் அல்லர். அவரை யான் மறந்தால் நன்றி மறந்தவன் ஆவேன்.